தனியாகக் காரில் கூந்தன்குளம்: முந்தின நாளே முடிக்க வேண்டிய வேலைகள்

பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய், வீட்டில் ஓய்வாக இருப்பவர்கள் முதல்முறை தனியாகப் போய்வர, நெல்லைச் சீமையில் கூந்தன்குளத்தைத்தான் சொல்வேன். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக 40 கிலோமீட்டருக்குள். மலைப்பாதை இல்லை, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். 1994-இல் பறவைகள் சரணாலயமான இந்தக் குளத்துக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்த வருஷம் என்றால், தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. ஸ்டெப்னி. அதில் காற்று பார்த்தால் மட்டும் போதாது, ஓடும் சக்கரங்களின் நட்டு கழல்கிறதா என்று பாருங்கள். கடையில் மெஷின் வைத்து இறுக்கிய நட்டு கைக்கு அசையாது. வீட்டு வாசலிலேயே ஹேண்ட்பிரேக் போட்டு, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது ஒவ்வொரு நட்டாக அரைச்சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்குங்கள். அசையவில்லை என்றால் ஸ்பேனர் கைப்பிடியில் இரண்டடி இரும்புக் குழாயைச் செருகி அழுத்துங்கள். அந்தக் குழாயை டிக்கியிலேயே போட்டுவையுங்கள். பலரும் முதலில் ஜாக்கியை ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் நட்டோடு சக்கரமும் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். குளத்துக்கரை மண் இளகலாக இருக்கும், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டும் வேண்டும்.

2. பைனாகுலர். 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம்) வாங்குங்கள். 10×50 கனம் அதிகம், கை நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். "எனக்கு மங்கலாகத்தான் தெரிகிறது" என்பவர்களில் பலர் டயாப்டர் வளையத்தை, அதாவது இரண்டு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்ய வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை, தொட்டதே இல்லை. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் முதலில் கண்பக்க ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிடுங்கள். இரண்டு குழலிலும் தெரியும் வட்டங்கள் ஒன்றாகும்வரை பைனாகுலரை நடுவில் மடக்குங்கள். தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பார்த்து, வலது குழலின் முன்பக்கத்தைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது குழலை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். கண்ணைச் சிமிட்டி மூடக்கூடாது; மற்ற கண்ணும் இடுங்கி, அளவு தப்பிவிடும். வளையம் நின்ற இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் சேர்ந்த கண்ணாடி என்றால் மேல்பாதி வழியாகவே பாருங்கள்.

3. தகவல். பெங்களூரில் இருக்கும் மகளுக்குச் சொல்லுங்கள், சரி. ஆனால் ஒரு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய பாளையங்கோட்டை ஆள் ஒருவருக்கும் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லியாக வேண்டும்.

காலை 5:30-க்குக் கிளம்பி, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் வாத்தெல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். வெளிச்சம் சரியாக விழுந்தால் வரித்தலை வாத்தின் வெள்ளைத் தலையின் பின்புறத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகளும் பளிச்சென்று தெரியும். இமயத்தைத் தாண்டி வந்த பறவை அது. ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். ஹாரன் அடிக்காதீர்கள், வீட்டுக்காரரைக் கேட்காமல் முற்றத்துக்குள் போகாதீர்கள். கூட்டை நெருங்கினால் தாய் எழுந்துவிடும், குஞ்சு வெயிலில் கிடக்கும், காக்கை வந்துவிடும். அந்த மரத்தடியில் வண்டியையும் நிறுத்தாதீர்கள், எச்சம் பெயின்ட்டை அரிக்கும்.

பத்து மணிக்கு மேல் தூரத்துப் பறவையெல்லாம் கானலில் நெளியும். அப்போது எந்த வளையத்தைத் திருப்பியும் பயனில்லை, வண்டியை எடுத்துவிடலாம்.