"எந்தத் தெரு?" என்று கேட்கும் முன்: ஆலோசனை மாணவர்களைப் பழக்கும் முறை

வேலூரில் மனநல ஆலோசனை (கவுன்சலிங்) படிக்கும் மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். பல பண்பாட்டு மக்களோடு பழகக் கற்றுத்தர நாங்கள் ஊரைத் தாண்ட வேண்டியதே இல்லை. சிஎம்சி மருத்துவமனைக்கு எதிரே லாட்ஜ் தெருக்களில் நுழைந்தால் பலகைகளில் வங்காள எழுத்து. மேல்விஷாரம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பல வீடுகளில் உருது. ஆந்திர எல்லையை நெருங்கினால் தெலுங்கு. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர். பெயர் அப்படியே தவிர, பேசுவது தமிழ்.

சமூகத்துக்கு ஒரு பக்கம் என்று குறிப்பு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மாணவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு, எதிரே அழுதுகொண்டிருப்பவரிடம் அந்தக் குறிப்பையே தேடுவார். பல பண்பாட்டு மக்களோடு பழகும் ஆலோசகருக்கென்று அமெரிக்க உளவியலாளர் டெரால்ட் விங் சூ குழுவினர் 1992இல் வகுத்த திறன்களில் முதலில் வருவது, ஆலோசகர் தன் முன்முடிவுகளைத் தானே அறிவது. நானும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

முதல் வகுப்பில் என் தவறு ஒன்றைச் சொல்வேன். பணியில் சேர்ந்த புதிதில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். சகஜமாகப் பேசவைக்க எண்ணி, "எந்த ஊரும்மா?" என்றேன். சொன்னாள். எனக்குத் தெரிந்த ஊர். உற்சாகத்தில், "அங்கே எந்தத் தெரு?" என்றேன். துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தவள், சுற்றுவதை நிறுத்தினாள். "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றாள். அதன்பின் எல்லாக் கேள்விக்கும் ஒற்றைச் சொல் பதில். மறுவாரம் வரவில்லை. நம் ஊர்களில் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பது. அவளுக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும். படித்த எனக்கு அந்த நிமிடம் உறைக்கவில்லை.

இதைச் சொன்னபின் மாணவர்களுக்கு ஒரு வேலை தருவேன்: முதல் பத்து நிமிடங்களில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதைக் கேட்டு யார் சுருங்கிப்போவார்?" என்று குறிக்க வேண்டும். "கல்யாணம் ஆகிவிட்டதா", "அப்பா என்ன செய்கிறார்", எல்லாமே பட்டியலில் வரும். மொழி வேறாக இருந்தால்தான் பண்பாடு வேறு என்ற எண்ணம் இங்கே உடைகிறது. அவசரப்படாமல் இரண்டு வகுப்புகள் ஒதுக்குங்கள்.

அடுத்தது நடிப்புப் பயிற்சி. மூவர் போதும்: ஆலோசகர், நாடி வருபவர், கவனிப்பவர். கவனிப்பவருக்கு ஒரே வேலை, ஆலோசகர் மற்றவரின் வாக்கியத்தைத் தானே முடித்துவைக்கும் இடங்களில் கோடு போடுவது. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டில் பண்பாட்டை அறிய 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் இருக்கிறது. அதன் போக்கை ஒட்டி மூன்றை மட்டும் எங்கள் பேச்சில் பழக்குகிறேன்: "இதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்வீர்கள்?", "எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?", "இதுவரை யாரிடமெல்லாம் போய்ப் பார்த்தீர்கள்?" தர்கா என்றாலும் சாமியாடி என்றாலும் மாணவரின் புருவம் உயரக்கூடாது. இதைக் கண்ணாடி முன் பழகச் சொல்வேன்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பிள்ளைகளை வைத்துப் பேசக்கூடாது. பள்ளிக்கூடத்துத் தமிழ் நன்றாக வருகிறது என்று மகனை நடுவில் உட்காரவைத்தால், கணவனைப் பற்றி அந்தத் தாய் எப்படி வாய் திறப்பாள்? வெளியாளை அமர்த்துங்கள், ரகசியம் காப்பதைப் பற்றி முன்பே பேசிவிடுங்கள். கேள்வியை, வந்தவரின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். சுருக்கிச் சொல்ல வேண்டாம், சொன்னபடியே சொல்லுங்கள் என்று மொழிபெயர்ப்பவரிடம் வற்புறுத்துங்கள். "தில் கப்ராரா" என்று ஒருவர் உருதுவில் சொன்னதை "பயமாம்" என்று முடித்துவிட்டால், நெஞ்சு படபடப்பது, மனம் தவிப்பது எல்லாம் அந்த ஒரு சொல்லில் காணாமல் போய்விடும்.

ஆகவே குறிப்பேட்டில் முதல் வரி, வந்தவரின் சொல்லாகவே, தமிழ் எழுத்தில் இருக்கட்டும். நம் பாடப்புத்தகப் பெயரை அதற்குக் கீழே, பென்சிலில் எழுதச் சொல்லுங்கள்.