விஷம் வைக்காமல் எலியை விரட்டினேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடு. குளிர் தொடங்கியதும் கூரைக்குள் எலிகள் குடியேறிவிட்டன. தெருவில் விற்கும் பொட்டல விஷத்தை வாங்கச் சொன்னார்கள், உறுதியாக மறுத்தேன். 2024இல் ஜோகன்னஸ்பர்க்கின் சொவேட்டோவில் ஆறு குழந்தைகளைக் கொன்றது, அப்படித் தெருவில் விற்கப்படும் டெர்புபாஸ் என்ற பூச்சிக்கொல்லி. வயலுக்கான அந்த நஞ்சு வீட்டு வாசற்படியைத் தாண்டவே கூடாது.

பலன் தந்தது, வழியை அடைத்ததுதான். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதும். சமையலறைக் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் கறுத்த எண்ணெய்க் கறை இருந்தது. எலி உடல் உரசிய தடம். அந்த ஓட்டையில் இரும்பு நாரைத் திணித்துச் சிமெண்ட் பூசினேன். கூரையைத் தொட்ட மாமரக் கிளையையும் வெட்டினேன்.

உள்ளே மிஞ்சியவை சுவரோரம் வைத்த பொறிகளில் விழுந்தன. எலி சுவரை ஒட்டியே ஓடும். எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். பிளீச்சிங் கலந்த நீரில் நனைத்துத் துடையுங்கள். அரிசியை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள்.