பெருக்கத்தைக் குறைத்துத் தெளிவைப் பெறுதல்: ஒற்றை டிரான்சிஸ்டர் பெருக்கி – தொடக்க நிலையினருக்கான செய்முறை

வானொலியிலோ தொலைபேசியிலோ வரும் மெலிந்த சைகையைப் பெரிதாக்குவது பெருக்கியின் வேலை என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் பெரிதாக்குவதைவிட, வந்த உருவம் கெடாமல் பெரிதாக்குவதே கடினம் என்பதும், அதற்கு மனிதர் கண்ட வழி பெருக்கத்தின் பெரும்பகுதியை வேண்டுமென்றே கைவிடுவது என்பதும் பாடநூலில் ஒரு சூத்திரமாக மட்டுமே நின்றுவிடுகின்றன. அந்தச் சூத்திரத்தை உங்கள் காதாலேயே கேட்டு அறிய வைப்பதுதான் இந்தச் செய்முறையின் நோக்கம். ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்கலமும் போதும். ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம்.

முதலில் சற்று வரலாறு

லீ டி ஃபாரஸ்ட் 1906ஆம் ஆண்டு உருவாக்கிய மூன்று முனை வால்வான (வெற்றிடக் குழாயான) ஆடியான், தொடக்கத்தில் மிகச் சிறிய அளவே பெருக்கியது. கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்த எட்வின் ஆர்ம்ஸ்டிராங் 1912இல் ஒன்றைக் கண்டார். வால்வின் வெளியீட்டில் ஒரு பகுதியை எடுத்து, உள்ளீட்டுடன் ஒரே திசையில் சேரும்படி திருப்பி அனுப்பினால், அதே சைகை மீண்டும் மீண்டும் பெருக்கப்பட்டுப் பன்மடங்கு வலுப்பெற்றது. இதுவே நேர் பின்னூட்டம். 1914இல் அவர் காப்புரிமை பெற்ற அந்த வானொலி ஏற்பியால், ஒற்றை வால்வைக் கொண்டே தொலைதூர நிலையங்களைக் கேட்க முடிந்தது. ஆனால் அளவு மீறினால் ஏற்பி தானே அலைகளை எழுப்பத் தொடங்கிக் கூச்சலிடும். அண்டை வீட்டு ஏற்பிகளையும் தொந்தரவு செய்யும். திருமண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கைப் பிடித்தால் எழும் ஊளையும் இதே வகைதான்.

அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த தொலைபேசித் தடம் 1915இல் திறக்கப்பட்டபோது வேறொரு சிக்கல் முன்னுக்கு வந்தது. நெடுந்தொலைவுத் தடத்தில் பெருக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருந்தன; ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சிறிது உருக்குலைவைச் சேர்த்தது. ஒரே கம்பியில் பல உரையாடல்களை வெவ்வேறு அதிர்வெண்களில் அனுப்பத் தொடங்கியபின், அந்த உருக்குலைவு ஓர் உரையாடலை மற்றொன்றுக்குள் கலந்துவிட்டது. பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்டு பிளாக் இதனுடன் பல ஆண்டுகள் போராடினார். வெளியீட்டைச் சுருக்கி உள்ளீட்டுடன் ஒப்பிட்டு, எஞ்சும் பிழையைத் தனியே பெருக்கிக் கழிக்கும் ஒரு முறையை 1923இல் அவர் கண்டார். அது வேலை செய்தது. ஆனால் ஓயாத திருத்தம் கேட்டதால் நடைமுறைக்கு உதவவில்லை. 1927 ஆகஸ்ட் 2 அன்று ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து பணிக்குச் செல்லும்போது, வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கு எதிர்த் திசையில் திருப்பி அனுப்பினால் பிழை தானே அடங்கிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஒரு பக்கத்திலேயே சுற்றையும் சமன்பாட்டையும் எழுதிவைத்தார். 1928இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. அரும்பாடுபட்டுப் பெற்ற பெருக்கத்தை வீசி எறியச் சொல்லும் ஒருவரை வல்லுநர்கள் எளிதில் நம்பவில்லை என்பது எனக்கு வியப்பாக இல்லை. நானும் முதலில் படித்தபோது நம்பவில்லை.

தேவையான பொருள்கள்

பி.சி.547 டிரான்சிஸ்டர் ஒன்று. 47 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம், 1 கிலோ ஓம் மின்தடைகள் ஒவ்வொன்று. 10 கிலோ ஓம் மூன்று. 100 ஓம் இரண்டு. 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி இரண்டு. 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று. 9 வோல்ட் மின்கலமும் அதன் கிளிப்பும். பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை), இணைப்புக் கம்பிகள், மல்டிமீட்டர். சைகை தருவதற்கு ஹெட்போன் துளை உள்ள கைபேசியும், கேட்பதற்குத் தனி மின்சாரம் உள்ள கணினி ஸ்பீக்கரும் வேண்டும்.

படி 1: நேர்மின் நிலைகளை அமைத்தல்

டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்த்தும் கால்கள் கீழ்நோக்கியும் இருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். பாடநூல்களில் இவை ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான் எனப்படும். வேறு எண்ணுள்ள டிரான்சிஸ்டரை வாங்கினால் கால்களின் வரிசை மாறலாம் என்பதால், அதன் தரவுத்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்கலத்தின் நேர்முனையிலிருந்து பேஸுக்கு 47 கிலோ ஓம், பேஸிலிருந்து எதிர்முனைக்கு 10 கிலோ ஓம், நேர்முனையிலிருந்து கலெக்டருக்கு 4.7 கிலோ ஓம், எமிட்டரிலிருந்து எதிர்முனைக்கு 1 கிலோ ஓம் என்று இணையுங்கள். மின்கலத்தை இணைத்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எதிர்முனையில் வைத்து அளந்தால், பேஸில் ஏறக்குறைய 1.5 வோல்ட்டும், எமிட்டரில் 0.9 வோல்ட்டும், கலெக்டரில் 5 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் காட்ட வேண்டும். கலெக்டரில் முழு 9 வோல்ட் இருந்தால் டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் ஓடவில்லை. ஒரு வோல்ட் அளவே இருந்தால் அது மிகையாக ஓடுகிறது. இரண்டு நிலையிலும் பெரும்பாலும் கால்கள் மாறியிருக்கும், அல்லது ஏதேனும் ஒரு மின்தடையின் மதிப்பு தவறியிருக்கும். இந்த அளவீடு சரியாக வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: எமிட்டர் மின்தடை என்ன செய்கிறது என்று பார்த்தல்

பேஸ் மின்னழுத்தம் சிறிது உயர்ந்தால் டிரான்சிஸ்டரின் மின்னோட்டம் உயரும். அந்த மின்னோட்டம் 1 கிலோ ஓம் வழியே பாய்வதால் எமிட்டர் மின்னழுத்தமும் உயரும். ஆனால் டிரான்சிஸ்டர் உணர்வது பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே. எமிட்டர் உயர்வது அந்த வேறுபாட்டைக் குறைத்து, ஏற்றத்தைத் தானே தடுக்கிறது. வெளியீட்டின் செய்தி உள்ளீட்டுக்குத் திரும்பி, அதற்கு எதிராக நிற்கிறது. பிளாக்கின் எண்ணம் இந்த ஒற்றை மின்தடைக்குள் அடங்கியிருக்கிறது.

இதைச் சோதிக்க, கலெக்டர் மின்னழுத்தத்தை அளந்துகொண்டே டிரான்சிஸ்டரைத் தலைமுடி உலர்த்தியின் வெப்பக் காற்றில் சிறிது நேரம் காட்டுங்கள். பேஸ்–எமிட்டர் மின்னழுத்தம் ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஏறக்குறைய 2 மில்லி வோல்ட் குறையும். 30 பாகை ஏறினால் 60 மில்லி வோல்ட் மாற்றம். எமிட்டர் மின்தடை இருப்பதால் கலெக்டரில் கால் வோல்ட் அளவே இறங்கும். அது இல்லாத சுற்றில் இதே வெப்பம் டிரான்சிஸ்டரை முற்றிலும் நிறைவு நிலைக்கு, அதாவது மின்னோட்டம் அதற்குமேல் ஏற முடியாத நிலைக்குத் தள்ளிவிடும்.

படி 3: சைகையை உள்ளே விடுதல்

கைபேசியின் வெளியீடு இந்தச் சுற்றுக்கு மிக அதிகம். எனவே ஹெட்போன் கம்பியின் ஒரு பக்க ஒலிமுனையை 10 கிலோ ஓம் வழியே ஒரு சந்திக்குக் கொண்டுவந்து, அந்தச் சந்தியிலிருந்து எதிர்முனைக்கு 100 ஓம் இணையுங்கள். சைகை நூறில் ஒரு பங்காகக் குறையும். ஹெட்போன் கம்பியின் பொதுமுனையை மின்கலத்தின் எதிர்முனையுடன் சேருங்கள். சந்தியிலிருந்து 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியே பேஸுக்கு இணைக்க வேண்டும். அதன் நேர்க்கால் பேஸ் பக்கம். கலெக்டரிலிருந்து மற்றொரு 10 மைக்ரோ ஃபாரட் வழியே ஸ்பீக்கரின் உள்ளீட்டுக்கு; இங்கே நேர்க்கால் கலெக்டர் பக்கம். மின்தேக்கியைத் திருப்பிப் பொருத்தினால் கசிவு மின்னோட்டம் ஏற்பட்டு நிலைகள் நகர்ந்துவிடும். ஒரு முழு மாலையை இந்தப் பிழையில் இழந்த பிறகே நான் ஒவ்வொரு காலையும் இருமுறை பார்க்கப் பழகினேன்.

ஸ்பீக்கரின் ஒலியளவை மிகக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். கைபேசியில் 1000 ஹெர்ட்ஸ் சைன் அலை தரும் ஒரு செயலியை இயக்கினால், மெலிந்த ஆனால் தூய்மையான ஒலி கேட்கும். இப்போதைய பெருக்கம் 4.7 கிலோ ஓமை 1 கிலோ ஓமால் வகுத்தது, அதாவது ஏறக்குறைய நான்கரை மடங்கு. ஸ்பீக்கரின் உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம் அளவில் இருந்தால் அது மூன்றாக இறங்கும். இந்த எண்ணில் டிரான்சிஸ்டரின் குணம் எதுவுமே இல்லை, இரு மின்தடைகளின் விகிதம் மட்டுமே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு வேறொரு பி.சி.547ஐப் பொருத்தினாலும் ஒலியளவு மாறாது.

படி 4: பின்னூட்டத்தை நீக்கிப் பார்த்தல்

100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை 1 கிலோ ஓமுக்கு இணையாக, நேர்க்கால் எமிட்டர் பக்கம் இருக்கும்படி பொருத்துங்கள். ஒலி அலைகளுக்கு எமிட்டர் இப்போது நேராக எதிர்முனையில் நிற்பதுபோல் ஆகிவிடும். எஞ்சியிருப்பது டிரான்சிஸ்டரின் உள் மின்தடையான ஏறக்குறைய 28 ஓம் மட்டுமே. எனவே பெருக்கம் 160 மடங்குக்கு மேல் தாவும். ஸ்பீக்கர் இணைந்த நிலையிலும் நூறைத் தாண்டும். ஒலி திடீரென உயர்வதைக் கேட்பீர்கள்.

இந்த உயர்வுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை அறிய இரண்டு ஒலிகள் தேவை. 1000 ஹெர்ட்ஸ், 1300 ஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து, கைபேசியின் ஒலியளவை முழுமைக்கு அருகில் ஏற்றுங்கள். உற்றுக் கேட்டால், நீங்கள் அனுப்பாத மூன்றாவது ஒலி ஒன்று அடியில் முனகுவது புலப்படும். அதுதான் இரண்டின் வேறுபாடான 300 ஹெர்ட்ஸ். டிரான்சிஸ்டரின் மின்னோட்டம் மின்னழுத்தத்துடன் நேர்க்கோட்டில் வளராமல் அடுக்குக்குறி வேகத்தில் வளர்வதால், அது இரு சைகைகளையும் ஒன்றோடொன்று பெருக்கிப் புதிய அதிர்வெண்களைப் பிறப்பிக்கிறது. பேஸில் 10 மில்லி வோல்ட் உச்சமுள்ள ஒற்றை அலைக்கே, அதன் இருமடங்கு அதிர்வெண்ணில் பத்து விழுக்காடு அளவு உருக்குலைவு எழும். தொலைபேசித் தடத்தில் ஒருவர் பேச்சு மற்றொருவர் பேச்சுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

படி 5: ஒரே ஒலியளவில் ஒப்பிடுதல்

பலர் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு, ‘பெருக்கம் குறைந்ததால் உருக்குலைவும் குறைந்தது, அவ்வளவுதானே’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த ஐயம் நியாயமானது. ஆகவே நேர்மையாகச் சோதிப்போம். 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை எடுத்துவிடுங்கள். உள்ளீட்டில் இருந்த 10 கிலோ ஓமையும் 100 ஓமையும் நீக்கி, கைபேசியை நேராக உள்ளீட்டு மின்தேக்கியுடன் இணையுங்கள். கைபேசியின் ஒலியளவைக் குறைத்து வைத்து, படி 4இல் ஸ்பீக்கரில் கேட்ட அதே உரப்பு வரும்வரை மெல்ல ஏற்றுங்கள். வெளியீடு முன்போலவே இருக்கும். 300 ஹெர்ட்ஸ் முனகல் மட்டும் மறைந்திருக்கும். டிரான்சிஸ்டர் அதேதான், அதன் வளைவும் அப்படியே இருக்கிறது. திரும்பி வந்த சைகை அந்த வளைவை நேராக்கியிருக்கிறது.

இப்போது பிளாக்கின் சூத்திரம் தானாகப் புரியும். பின்னூட்டமில்லாத பெருக்கத்தை ஒன்றுடன் சுற்றுப் பெருக்கத்தைக் கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். சுற்றுப் பெருக்கம் என்பது அந்தப் பெருக்கத்தையும் திருப்பி அனுப்பும் பங்கையும் பெருக்கி வருவது. 10,000 மடங்கு பெருக்கும் கருவியின் வெளியீட்டில் நூறில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினால் மிஞ்சுவது 10,000ஐ 101ஆல் வகுத்த 99 மடங்கு. வால்வு மூப்படைந்து 10,000 என்பது 5,000ஆகப் பாதியானாலும், விடை 5,000ஐ 51ஆல் வகுத்த 98 மடங்கு. பாதி வலிமை போயும் வெளியே ஒரு விழுக்காடு அளவே மாறியிருக்கிறது. ஆயிரக்கணக்கான வால்வுகளை நாள்தோறும் திருத்திக்கொண்டிருந்த பொறியாளர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட விடுதலையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

படி 6: இடைவழியைத் தேர்ந்து வானொலியுடன் இணைத்தல்

மெலிந்த சைகைக்கு மூன்று மடங்குப் பெருக்கம் போதாது. நூறு மடங்குப் பெருக்கமோ சைகையை உருக்குலைக்கிறது. எனவே 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியுடன் இரண்டாவது 100 ஓமைத் தொடராக இணைத்து, அந்த இணையை எமிட்டருக்கும் எதிர்முனைக்கும் இடையே பொருத்துங்கள். ஸ்பீக்கரின் சுமை இல்லாமல் பெருக்கம் ஏறக்குறைய 40இல் நிற்கும்.

மத்திய அலை நிலையத்திற்கு அருகில் வாழ்பவர்கள் இதை ஒரு எளிய டையோடு ஏற்பிக்குப் பின்னால் வைக்கலாம். ஃபெரைட் தண்டில் எனாமல் கம்பியை 65 சுற்று சுற்றி, தரைமுனையிலிருந்து (மின்கலத்தின் எதிர்முனையுடன் சேரும் முனை) 20ஆவது சுற்றில் ஒரு கிளை எடுங்கள். சுருளுக்கு இணையாகக் கேங் கண்டென்சரை (திருகி மதிப்பை மாற்றக்கூடிய மின்தேக்கியை) இணையுங்கள். கிளையிலிருந்து ஜெர்மானியம் டையோடு, டையோடின் மறுமுனையிலிருந்து தரைக்கு மூன்றாவது 10 கிலோ ஓமும் 1 நானோ ஃபாரட் மின்தேக்கியும். அந்த முனையே பெருக்கியின் உள்ளீட்டு மின்தேக்கிக்குச் செல்லும். சுருளின் மேல்முனையில் பத்து மீட்டர் கம்பியை அலைவாங்கியாகக் கட்டுங்கள். இடி மின்னல் நேரத்தில் அதைக் கட்டாயம் கழற்றி வெளியே விட்டுவிடுங்கள். படிகக் கண்டறிவானுக்கு ஜகதீச சந்திர போஸ் 1904இல் காப்புரிமை பெற்றதை, டையோடைப் பொருத்தும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

பெருக்கம் போதவில்லை என்று இதே போன்ற இரண்டாவது நிலையைச் சேர்ப்பவர்கள், வெளியீட்டுக் கம்பியை உள்ளீட்டுக் கம்பிக்கு அருகே கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரு நிலைகளும் சைகையைத் தலைகீழாக்குவதால், இறுதி வெளியீடு உள்ளீட்டின் திசையிலேயே இருக்கும். கசிந்து திரும்பும் சிறு பகுதியும் நேர் பின்னூட்டமாகிச் சுற்று ஊளையிடும். எந்தச் சுற்று ஊளையிடும், எது அமைதியாக இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் முறையை ஹாரி நைக்விஸ்ட் 1932இல் தந்தார். உங்கள் மேசையில் அந்த ஊளை எழுந்தால், முதலில் கம்பிகளைக் குட்டையாக்கி, மின்கல முனைகளுக்கு இடையே ஒரு 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை இணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.