விளைந்ததெல்லாம் சரக்கு ஆகாது

வீட்டுத் தேவைக்குப் பயிர் செய்தவர்கள் விற்பனைக்கு மாறும்போது விதை, உரம், தண்ணீர் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் பல பேர் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன். முதல் முறை தக்காளி போட்ட தம்பி ஒருவர் பெட்டி நிரப்புவதைப் போன வாரம் பார்த்தேன். அடியில் பொடிப் பழமும் கீறல் பழமும், மேலே பெருவெட்டுப் பழம். நான் அன்று செய்தது அப்படியே! அதனால்தான் இப்படி மாறும்போது செய்யும் தவறுகளை எழுதுகிறேன்.

கலந்து கட்டுவது

வீட்டில் தக்காளி ஒரு பக்கம் அழுகியிருந்தால் அதை நறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் குழம்பில் போடுவோம். எதையும் வீணாக்காத அந்தக் கை, பெட்டியிலும் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறது. வியாபாரிக்குப் பழம் கணக்கில்லை, பெட்டிதான் கணக்கு. என் பெட்டி ஒன்றை அவர் கவிழ்த்துப் பார்த்தார். வாயே திறக்கவில்லை. பதினெட்டுப் பெட்டிக்கும் பொடி விலையைப் போட்டார். அந்தப் பருவம் முழுக்க என் பெட்டி ஒவ்வொன்றையும் கவிழ்த்துத்தான் வாங்கினார். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் பாதிக்கு மேல் அருமையான பழம்.

விலை மட்டும் போவதில்லை. கனிந்த பழமும் அடிபட்ட பழமும் எத்திலீன் வாயுவை விடும். அதனால் பக்கத்துப் பழமும் சீக்கிரம் கனிந்துவிடும். கீறல் வழியாகப் பூஞ்சணம் புகும். காலையில் ஏற்றிய நல்ல பெட்டி, சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒழுகத் தொடங்கும்.

பனி ஈரம் காய்ந்ததும், வெயில் ஏறுமுன் பறியுங்கள். தூரத்துச் சந்தை என்றால் செங்காயாக, அடிப்பக்கம் லேசாகச் சிவக்கும்போதே பறிக்க வேண்டும். காம்பைக் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பழத்தைக் குத்தும். நிழலில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள்: ஒரே அளவு, ஒரே நிறம், கெட்டியானது முதல் குவியல், பொடி இரண்டாவது, அதைத் தனியாக அப்படியே சொல்லி விற்கலாம். கீறலும் சொத்தையும் வீட்டுக்கு, இல்லையென்றால் மாட்டுக்கு. மூன்றாவது குவியலைப் பார்த்தால் வயிறு எரியும்தான். எனக்கும் எரிந்தது. அப்படிப் பிரித்துக் கொண்டுபோன இரண்டாவது பருவத்தில்தான் அந்த வியாபாரி கவிழ்க்காமல் வாங்கினார்.

போன பருவ விலையை நம்பி நடுவது

விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் நட, எல்லோர் சரக்கும் ஒரே வாரம் வந்து விழும். பொருளியலில் இதைச் சிலந்தி வலைத் தேற்றம் என்பார்கள். 1934-இல் நிக்கோலஸ் கால்டோர் என்ற பொருளியலாளர் வைத்த பெயர். எந்த வாரங்களில் சரக்குக் குறைகிறது என்று வாங்குபவரிடம் முதலில் கேளுங்கள். அப்புறம் இரண்டு வார இடைவெளியில் பிரித்து நடுங்கள்.

ஈரத் தானியத்தை மூட்டை கட்டுவது

மக்காச்சோளம் 13 சதவீத ஈரத்துக்குக் காயட்டும். ஈரத்தில் வளரும் பூஞ்சணம் விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, சமைத்தாலும் முழுதாகப் போகாது.

மொத்த நிலத்தையும் மாற்றுவது

வேண்டாம். சாப்பாட்டுக்கு விளையும் பகுதி அப்படியே இருக்கட்டும்.

வீட்டாள் கூலியை விடுவது

அம்மா பறித்த நாளையும் கணக்கில் எழுதுங்கள்.