துருப்பிடித்த டிக்கித் தரையைச் சீராக்கும் முறை

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் நிற்கும் பழைய அம்பாசடர், பத்மினி கார்களின் டிக்கித் தரையை அரிப்பது உப்புக்காற்று மட்டுமன்று. டிக்கி மூடியின் ஓரத்தில் உள்ள கிழிந்த ரப்பர் பீடிங் வழியாக இறங்கி, விரிப்புக்கு அடியில் தேங்கும் மழைநீரும் முக்கியக் காரணம். ஆகவே, டிக்கியை மூடி மேலே குழாய்நீரைப் பாய்ச்சி, உள்ளே கசியும் இடத்தைக் கண்டறிந்த பின்னரே தகரத்தில் கை வைக்க வேண்டும்.

விரிப்பை அகற்றி, ஸ்க்ரூடிரைவர் முனையால் தரை முழுவதும், குறிப்பாக மூலைகளிலும் ஸ்டெப்னிக்கு அடியிலும், குத்திப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்த இடத்தில் முனை உள்ளே இறங்கினால் அங்கே தகரம் செத்துவிட்டது. சுற்றிலும் கெட்டியான, பளபளக்கும் இரும்பு தென்படும் வரை வெட்டி எடுத்தாக வேண்டும். பள்ளம் நிரப்பும் பட்டிப் பசையாலும் ஃபைபராலும் மூடி மறைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். அடியில் துரு தொடர்ந்து பரவும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கையும் இறக்கி அப்பால் வைப்பது கட்டாயம். அட்டையில் அச்சு எடுத்து, 1 மி.மீ. தகரத்தில் ஒட்டு வெட்டிப் பொருத்தி, ஒரே இழுப்பாகப் பற்றவைக்காமல், இங்கொன்றும் எதிர்ப்புறம் ஒன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு இடைவெளிகளை நிரப்பினால் தகரம் நெளியாது. பிறகு கிரைண்டரால் சமன் செய்து, ஈரக்காற்றில் வெற்று இரும்பு விரைவிலேயே துருவேறும் என்பதால், அன்றே பிரைமர் அடித்து, மூட்டுகளில் சீலன்ட் பூசி, அடிப்புறத்துக்குத் துருவைத் தடுக்கும் பூச்சான அண்டர்கோட்டிங் கொடுத்து, புதிய பீடிங்கைப் பொருத்துங்கள்.