எச்1, எக்ஸ், என்டிபிஎஸ்: மெடிக்கல் கவுன்டரில் குழம்பும் இடங்கள்

திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பக்கத்து மெடிக்கலில் பத்து நிமிஷம் நின்றாலே காதில் விழும்: "அண்ணாச்சி, அந்தத் தூக்க மாத்திரை ஒரு அட்டை தாங்க. போன மாசச் சீட்டுதான் இருக்கு." கொடுக்கக் கூடாது. மறுபடி வாங்கலாம் என்று டாக்டர் எழுதாத சீட்டுக்கு மருந்து ஒரு முறைதான். கொடுத்த கையோடு, டாக்டர் கையெழுத்துக்கு மேலே கடைப் பெயர், முகவரி, தேதியைக் குறித்துவிட வேண்டும் (1945 மருந்து விதிகள், விதி 65). குறிக்காமல் விட்டால் அதே சீட்டு ஜங்ஷன், டவுன், பாளையங்கோட்டை என்று சுற்றி வரும்.

கூகுளில் பார்த்துவிட்டு 'ஷெட்யூல் 4 மருந்து' என்பார்கள். 1 முதல் 5 வரையிலான அந்த எண்கள் அமெரிக்கச் சட்டத்துக்கு உரியவை. நமக்கு 1945 மருந்து விதிகளின் எச், எச்1, எக்ஸ் என்ற அட்டவணைகள், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய மருந்துகளின் பட்டியல்கள். அதோடு 1985-இன் என்டிபிஎஸ் சட்டம் (போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டம்) தனி. ஒன்றில் இருந்தால் மற்றதில் இராது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அல்பிரசோலம் (பதற்றம், தூக்கமின்மைக்கான மாத்திரை), டிரமடால் (வலி மருந்து) இரண்டும் எச்1-இலும் உண்டு, என்டிபிஎஸ்-இலும் உண்டு.

எச்1-க்குத் தனிப் பதிவேடு: டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு, 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ் என்றால் (மயக்க மருந்தான கெட்டமின், கவனக்குறைபாட்டுக்கான மெத்தில்பெனிடேட் போன்றவை) சீட்டு இரண்டு பிரதி, ஒன்று கடையில் 2 வருஷம், மருந்து பூட்டுக்குள். சாதாரண சில்லறை விற்பனைக்கான படிவம் 20, 21 உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு எக்ஸ் சரக்கு எடுக்க முடியாது, அதற்கென்று உள்ள 20எஃப் உரிமம் வேண்டும்.

எடைக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். என்டிபிஎஸ் வழக்கில் பிடிபட்ட எடையைப் பொறுத்தே தண்டனை; அல்பிரசோலத்துக்கு 5 கிராமுக்குக் குறைந்தால்தான் தண்டனை குறைவான 'சிறு அளவு'. அரை மில்லிகிராம் மாத்திரைதானே, 5 கிராம் சேரப் பத்தாயிரம் மாத்திரை வேண்டுமே என்பார்கள். அப்படி இல்லை. கலந்திருக்கும் மாவையும் சேர்த்தே எடை என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாத்திரை மொத்தம் 100 மில்லிகிராம் இருந்தால் ஐம்பதிலேயே 5 கிராம்.

நோயாளிக்கும் உச்சவரம்பு உண்டு. என்டிபிஎஸ் விதி 66-இன்படி மனமயக்க மருந்தை (அல்பிரசோலம் போன்றவை) சொந்தச் சிகிச்சைக்குச் சீட்டோடு 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். மூன்று மாதம் மகன் வீட்டில் தங்க நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை கிளம்பும் ஆச்சிக்குத் தினம் ஒன்று என்றால் 90, தாராளம். தினம் இரண்டு என்றால் 180. நீண்ட காலச் சிகிச்சை என்று டாக்டர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 வரை செல்லும், இல்லாவிட்டால் 100-க்கு மேல் கொண்டுபோகக் கூடாது.