கேபிளின் இம்பீடன்ஸை ட்ரிம்மர் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

அச்சு அழிந்துபோன கோஆக்சியல் கேபிளின் இம்பீடன்ஸ், அதாவது ஓடும் அலைக்கு அது காட்டும் எதிர்ப்பு, 50 ஓமா, 75 ஓமா? மல்டிமீட்டரை நேராக வைத்தால் தெரியாது. வேகமான பல்ஸ் ஒன்றை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பார்க்க வேண்டும். மறுமுனையில் ட்ரிம்மரை (திருகி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) போட்டு எதிரொலி மறையும் இடத்தைப் பிடித்தால், அதன் மதிப்புதான் விடை. ஆசிலாஸ்கோப் பழக்கம் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

1. பல்ஸ் சர்க்யூட்

74ஏசி14 ஐசியில் ஆறு இன்வெர்ட்டர் கேட்டுகள் உண்டு. அதில் ஒரு கேட்டை 10 கிலோ ஓம், 1 நானோஃபாரட் போட்டு ஆசிலேட்டராக்குங்கள். அதன் வெளியீடு மற்ற ஐந்து கேட்டுகளுக்கும் போகட்டும். அந்த ஐந்தின் வெளியீட்டிலும் ஆளுக்கொரு 220 ஓம் போட்டு, மறுமுனைகளை ஒன்றுசேருங்கள். பேரலலில் 44 ஓம். கேட்டுகளின் எதிர்ப்பும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 50. 74எச்சி14 போட்டாலும் ஓடும், ஆனால் பல்ஸின் விளிம்பு மந்தமாக இருக்கும். என் ஓட்டு ஏசிக்கே. சப்ளை பின்னை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கட்டாயம். பிரெட்போர்டு வேண்டாம்.

2. இணைப்பு

ஸ்கோப் வாயில் பிஎன்சி டி கனெக்டர். ஒரு பக்கம் சர்க்யூட், மறுபக்கம் கேபிள். ஸ்கோப் 1 மெகா ஓமில் இருக்கட்டும். புரோப் வேண்டாம், அதன் கிரவுண்ட் வயரே அலையைக் கெடுக்கும்.

3. மறுமுனை திறந்தபடி

5 வோல்ட் சப்ளை என்றால் அலை முதலில் 2.5க்கு ஏறி, சற்று நின்று, பிறகு 5க்குப் போகும். அந்த நிற்கும் நேரம்தான் போய்வரும் நேரம். 50 ஓம் கேபிளான ஆர்ஜி-58இல் மீட்டருக்கு ஒருவழியில் 5 நானோ வினாடி. 10 மீட்டர் போய்வர 100. மறுமுனையை ஷார்ட் செய்தால் 2.5இலிருந்து பூஜ்யத்துக்கு விழும்.

4. ட்ரிம்மர்

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மறுமுனையில் 200 ஓம் ட்ரிம்மரைப் போட்டுத் திருகுங்கள். மதிப்பு அதிகமானால் இரண்டாவது படி மேலே எழும், குறைந்தால் கீழே இறங்கும். 50 ஓம் கேபிளில் 75 ஓம் இருந்தால் வந்த அலையில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி, 2.5 வோல்ட் 3 ஆகும். சரியான இடத்தில் கோடு தட்டையாகிவிடும். எவ்வளவு திருகினாலும் அந்த இடத்தில் ஒரு கூர்முனை போகவே மாட்டேன் என்கிறதா? கையில் இருப்பது வயர்வவுண்ட் (கம்பி சுற்றிய) ட்ரிம்மர். அது சுருள், இண்டக்டன்ஸ் இருக்கத்தான் செய்யும். சுருள் இல்லாத செர்மெட் ட்ரிம்மர் வாங்குங்கள், கால்களையும் குட்டையாக வெட்டுங்கள்.

தட்டையானதும் ட்ரிம்மரை அசைக்காமல் கழற்றி மல்டிமீட்டரில் அளங்கள். அதுதான் இம்பீடன்ஸ். கழற்றாமல் அளந்தால் சர்க்யூட்டும் சேர்ந்து அளக்கப்படும்.

பின்சேர்க்கை: டிவி கேபிளான ஆர்ஜி-6இன் 20 மீட்டர் சுருள் 16 மீட்டர்தான் காட்டுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். சுருள் சரிதான், கணக்குதான் வேறு. அதன் உள்ளே நுரை பாலிஎத்திலீன்; அலை வேகமாக ஓடும். மீட்டருக்குச் சுமார் 4 நானோ வினாடி போட்டுப் பாருங்கள். முதல் படி 2.5க்குப் பதில் 3 வோல்ட்டில் நிற்பதும் பழுதல்ல, கேபிள் 75 ஓம்.